மழையில் நிற்கும் பெஞ்சுக்கு எதைப் பூசுவது?

மரவேலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கஜா புயலில் எங்கள் கொல்லையில் நின்ற ஒரு வேப்பமரமும் ஒரு வாகை மரமும் சாய்ந்தன. விறகுக்குக் கொடுக்க மனம் வராமல் வாள்பட்டறையில் ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுத்து, மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கி வைத்திருந்தேன். பணி ஓய்வு பெற்ற பின், ஊர் ஆசாரி ஒருவரிடம் கேட்டுக் கேட்டு, நானே ஒரு பெஞ்சும் இரண்டு நாற்காலிகளும் ஒரு சிறு மேசையும் செய்து முடித்துவிட்டேன். இவை மாமரத்தடியில், வெயிலிலும் மழையிலும் நிற்கப் போகின்றன. பெயிண்ட் கடையில் பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடிக்கச் சொல்கிறார்கள். ஆசாரி பிரெஞ்சு பாலிஷே போதும் என்கிறார். என் மைத்துனரோ, டிராக்டரிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை இரண்டு முறை தடவிவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்கிறார். மரத்தின் நிறமும் ரேகையும் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. எதைப் பூசலாம்?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: மூன்றுமே வேண்டாம். ஏன் வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த மூன்று யோசனைகளும் டெல்டா மாவட்டங்களில் எல்லா வீடுகளிலும் புழங்குபவை.

பிரெஞ்சு பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. வீட்டுக்குள் இருக்கும் பீரோவுக்கும் ஊஞ்சல் பலகைக்கும் அதைப் போல் அழகு சேர்ப்பது வேறில்லை. பழுதானால் அதன் மேலேயே மறுபடி பூசிக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. ஆனால் தண்ணீரும் சூடும் அதற்கு ஆகா. சூடான காபி டபராவை வைத்து எடுத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுவதைத் தாங்களே பார்த்திருப்பீர்கள். டபராவுக்கே தாங்காத பூச்சு ஐப்பசி அடைமழைக்கு எப்படித் தாங்கும்? தங்கள் ஆசாரி சொன்னது தவறான பாலிஷ் அன்று, தவறான இடம்.

எஞ்சின் ஆயிலைப் பற்றி மைத்துனரிடம் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும். வண்டிக் கொட்டகைக் கால்களுக்கும் வேலிக் கம்புகளுக்கும் அதைத் தடவும் வழக்கம் பழையது. கறையான் சில காலம் ஒதுங்கிப் போவதும் உண்மைதான். ஆனால் அது காயாத எண்ணெய். ஆறு மாதம் கழித்து வேட்டியோடு உட்கார்ந்தாலும் வேட்டியில் ஒட்டும். எஞ்சினுக்குள் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய சேர்மங்களும் அதில் கலந்திருக்கின்றன. அரசு விதிகளிலேயே அது அபாயகரமான கழிவுப் பட்டியலில் உள்ள பொருள். மழையில் கரைந்து அது போய்ச் சேருமிடம் தங்கள் கொல்லைக் கீரைப் பாத்தியாகத்தான் இருக்கும். தவிர, மரத்தின் நிறம் தெரிய வேண்டும் என்ற தங்கள் ஆசைக்கும் அது நேர் விரோதி.

பி.யூ. பாலிஷ் மூன்றிலும் சற்று மேலானது, அதனாலேயே அதிகம் ஏமாற்றக்கூடியது. மரத்தின் மேல் அது கண்ணாடி போன்ற ஒரு தோலாகப் படிகிறது. கீழே இருக்கும் மரமோ சும்மா இருப்பதில்லை. நம் பகுதியில் கார்த்திகையில் ஈரம் குடித்து உப்பும், சித்திரையில் காய்ந்து சுருங்கும். சட்டமும் காலும் சேரும் இணைப்புகளில்தான் இந்த அசைவு முதலில் தெரியும். அங்கே தோலில் தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு விழுந்தால் போதும். அதன் வழியே உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தோலுக்கும் மரத்துக்கும் நடுவே தங்கி, முதலில் வெண்திட்டாகவும் பிறகு செதிளாகவும் கிளம்பும். வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. ஒளி ஊடுருவும் பூச்சின் வழியாகப் புற ஊதாக் கதிர் மரத்தைத் தொட்டு, நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைத்துவிடுவதால், பூச்சு பற்றிக்கொண்டிருக்கும் மேற்பரப்பே பொடியாகி, பூச்சு கெடாமலேயே பிடிப்பை இழந்துவிடும். வெளிப்புறத்துக்கென்றே வரும் பி.யூ. இருக்கிறது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் சேர்ந்தது, மஞ்சளிக்காத அலிஃபாட்டிக் வகை. ஆனால் அதைத் திறமையாகத் தெளிக்க ஆளும் கருவியும் முகமூடியும் வேண்டும், சில ஆண்டுகள் கழித்து அதுவும் உரியத்தான் போகிறது. உரிந்ததைச் சுரண்டி எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்பது எனக்குத் தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கொல்லைக்கு மாம்பலகையில் ஒரு பெஞ்சு செய்து, வெளியிலும் போடலாம் என்று ஒரு கடைக்காரர் கொடுத்த பளபளப்பான லாக்கரை, கார்த்திகை மாதத்தில் இரண்டு மழைக்கு நடுவே கிடைத்த ஒரு வெயில் நாளில் அவசரமாக அடித்தேன். மாலைக்குள் மோர் தெளித்தது போல் வெண்மை பூத்துவிட்டது. காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கியதால் வந்த வினை அது. அடுத்த ஆடிக்குள் மீன் செதில் போலச் செதில் செதிலாகக் கிளம்பியது. கையடக்கத் தகட்டையும் உப்புத்தாளையும் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சுரண்டினேன். அன்றிலிருந்து, திறந்த வெளியில் நிற்கும் எந்த மரச்சாமானுக்கும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, பூச்சு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதன்று. கெட்டுப்போகும்போது எப்படிக் கெடும் என்பதுதான்.

அப்படிக் கேட்டால் விடை எளிது. மரத்துக்குள் இறங்கிக் காயும் எண்ணெய் வகைப் பூச்சு மெல்ல மங்கும், உரியாது. மங்கிய பிறகு கழுவிக் காயவைத்து, மேலேயே இன்னொரு கை பூசினால் முடிந்தது. எனவே தங்களுக்கு நான் சொல்வது, வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்று டப்பாவில் தெளிவாக எழுதியுள்ள, நிறமி சேர்ந்த மர எண்ணெய் அல்லது ஊடுருவும் வுட் ஸ்டெயின். நிறமி சேர்ந்தது என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். நிறமில்லாத எண்ணெய் வெயிலை அப்படியே உள்ளே விடும். இரும்பு ஆக்சைடு சேர்ந்த தேன் நிறமோ செம்பழுப்போ வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும், ரேகையையும் மறைக்காது. பூஞ்சைத் தடுப்பு சேர்ந்ததாகவும் பார்த்து வாங்குங்கள், ஏனெனில் வெறும் ஆளிவிதை எண்ணெய் நம் புழுக்கத்தில் கரும்பூஞ்சைக்குத் தீனியாகிவிடும். டப்பாவின் மேல் 'டீக் ஆயில்' என்று இருந்தால் அது தேக்கிலிருந்து எடுத்தது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் காயும் எண்ணெயும் கரைப்பானும் சிறிது வார்னிஷும் சேர்ந்த கலவைக்குத்தான் அந்தப் பெயர்.

இத்தகைய தயார்ப் பூச்சு தங்கள் ஊரில் கிடைக்காவிட்டால், பதப்படுத்திய ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், வெளிப்புற வார்னிஷ் ஆகிய மூன்றையும் சம பங்கு கலந்து, சிறிதளவு மண்காவி நிற ஆக்சைடைக் குழைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். இது இரண்டாம்பட்சம்தான், ஆனாலும் நம்பகமானது.

இனி, எதைப் பூசுவது என்பதைவிட முக்கியமானதைச் சொல்கிறேன். தங்கள் பெஞ்சு மேலிருந்து கெடப் போவதில்லை. காலடியிலிருந்து கெடப் போகிறது. பலகையின் முகத்தைக் காட்டிலும் குறுக்கே வெட்டிய முனை பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறிய அதே குழாய்கள்தாம் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. நம் வண்டல் மண்ணோ மழை விட்டு ஒரு வாரமானாலும் ஈரம் விடாது. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேலேயே நீடித்தால் மக்கச் செய்யும் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். மண்ணைத் தொட்டு நிற்கும் காலைத் தேடிக் கறையானும் வரும். கறையானை எந்தப் பாலிஷும் தடுக்காது. ஆகவே பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால்களின் அடிமுனைகளிலும் மெதுவாக இறுகும் எபாக்சி பசையை இரண்டு முறை தேய்த்து ஏற்றுங்கள். அதன் பின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கடப்பாக்கல் துண்டு வையுங்கள். இந்த ஒரு வேலைக்கு அரை நாள்தான் ஆகும். பூச்சில் தாங்கள் செலவிடும் பணம் முழுவதையும் காப்பது இதுவே.

பெஞ்சின் இருக்கைப் பட்டைகளை நெருக்கி அடித்திருந்தால் ஒன்றைக் கழற்றியாவது 6 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், தண்ணீர் வடியட்டும். கூரான விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள். கூர்முனையில் எந்தப் பூச்சும் மெலிந்துதான் படியும். இரும்பு ஆணி அடித்திருந்தால் அதைச் சுற்றிக் கறுப்பு படரும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் மையாவது போல, மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் கறை அது, மேலே எண்ணெய் தடவி மறைக்க முடியாது. பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிக்கு மாறிவிடுவது நல்லது.

வாகைப் பலகையில் ஓரமாக வெளுத்த பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். வைரம் பாய்ந்த கரும்பழுப்புப் பகுதி உழைக்கும். வெளுத்த பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைத்து உளுத்துப்போகும். பலகைக்குக் கீழே மைதா மாவு போல மெல்லிய தூள் உதிர்ந்திருந்தால் வண்டு உள்ளே குடியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த வெந்நீர்க் கரைசலைப் பூச்சுக்கு முன்பே இரண்டு மூன்று முறை ஏற்றி, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் எண்ணெய் கொடுங்கள். இந்த உப்புகள் மழையில் கரைந்து வெளியேறக்கூடியவை, ஆதலால் மேலே பூச்சு இல்லாமல் விட்டால் வீண். வாகையைத் தேய்க்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்; அதன் தூளுக்குத் தும்மாதவரை நான் பார்த்ததில்லை.

மரம் 2018 நவம்பரில் சாய்ந்தது, பலகையோ ஒன்றரை அங்குலம். அங்குலத்துக்கு ஓராண்டு என்பது காற்றில் உலர்த்தும் கணக்கு, எனவே உலர்ந்துதான் இருக்கும். ஆனாலும் மாட்டுக்கொட்டகை ஈரமான இடம். மிச்சம் கிடக்கும் ஒரு துண்டை வீட்டுக்குள் வைத்து, சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் பூச்சுக்குத் தயார்.

தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். காலைப் பனி உலர்ந்த பின், வெயில் நேராகப் படாத தாழ்வாரத்தில் செய்யுங்கள். மாமரத்தடியில் செய்ய வேண்டாம். அது பூக்கும் பருவமும் இதுவே, தத்துப்பூச்சியின் தேன் கசிவு மேலே சொட்டிப் பிசுபிசுப்பாகி, அதன் மீது கரும்பூஞ்சை படியும். முதலில் 80 எண் உப்புத்தாள், பிறகு 120 எண். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் எண்ணெய் இறங்காது. தூளை ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, முதல் கையைத் தாராளமாகப் பூசி, 15 அல்லது 20 நிமிடம் கழித்து மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துணியால் முழுவதுமாகத் துடைத்தெடுங்கள். இந்தத் துடைப்பைத் தவறவிட்டவர்கள்தாம், பிசின் போல ஒட்டுகிறதே என்று எனக்கு எழுதுகிறார்கள். ஒரு நாள் இடைவெளியில் மொத்தம் மூன்று கை. பெஞ்சின் அடிப்பக்கத்துக்கும் அதே மூன்று கை.

துடைத்த துணிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிப்படும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் உள்ளேயே திரண்டு, யாரும் தீக்குச்சி கிழிக்காமலேயே பற்றிக்கொள்ளும். தங்கள் கொட்டகையில் வைக்கோல் வேறு இருக்கும். ஒவ்வொரு துணியையும் வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள், அல்லது வெட்டவெளிக் கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள்.

ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன்பாக, இருக்கையின் மேல் நான்கு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் விட்டுவிடலாம். சில நிமிடத்தில் பரவி மரம் கறுத்தால் ஒரு கை பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கேள்வி: வீட்டிலேயே இருக்கும் தேங்காய் எண்ணெயையோ வேப்பெண்ணெயையோ மரநாற்காலிக்குப் பூசக் கூடாதா? எங்கள் ஊரில் முன்பெல்லாம் படகுகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிப்பார்கள், அது எப்படி?
– ஒரு வாசகி, தரங்கம்பாடி

பதில்: எண்ணெய்களில் காயும் எண்ணெய், காயாத எண்ணெய் என்று இரண்டு இனம். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மெல்லிய திடப்படலமாக மாறிவிடும். தேங்காய் எண்ணெய் என்றைக்கும் காயாது. ஒரு மாதத்தில் சிக்கு நாற்றமும் தூசியும் எறும்பும்தான் மிஞ்சும். வேப்பெண்ணெயும் காயாது, பூச்சிகளை விரட்டும் குணம் இருந்தாலும் இரண்டு மழைக்கு மேல் நிற்காது. முந்திரிக்கொட்டை எண்ணெய் வேறு விதம். அதிலுள்ள பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து கரிய, கெட்டியான, நீர் புகாத படலமாக இறுகும், உளுவும் கடல் நீரும் எளிதில் நெருங்கா. படகுக்கு அது சரியான தேர்வாக இருந்தது. கண்ணாடி இழைப் படகுகள் வந்த பின் அதன் தேவை குறைந்துவிட்டது. நாற்காலிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளம் போடும், சேலையில் பட்ட கறை போகாது. மண்ணுக்கு அருகே இருக்கும் அடிச்சட்டங்களுக்கு மட்டும், கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கை அடிக்கலாம். தாங்கள் கடலுக்கு அருகில் இருப்பதால் திருகாணிகளைப் பொறுத்தவரை துருப்பிடிக்காத எஃகில் 316 வகையையே கேட்டு வாங்குங்கள்; சாதாரண வகைத் துருப்பிடிக்காத எஃகிலும் உப்புக்காற்று துருப்புள்ளி வைத்துவிடும்.

கேள்வி: புயலில் விழுந்த தென்னை மரங்களை அறுத்துத் தோட்டத்துக்கு இரண்டு பெஞ்சுகள் செய்தோம். ஒன்று இரண்டே மழைக்காலத்தில் நடுவில் பஞ்சு போல் ஆகிவிட்டது. மற்றது கல்லாக நிற்கிறது. இரண்டுக்கும் பூசியது ஒரே வார்னிஷ்தான். என்ன காரணம்?
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: வார்னிஷைக் குற்றம் சொல்ல வேண்டாம். மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில்; தென்னைக்கும் பனைக்கும் கெட்டியான பகுதி வெளிப்புறத்தில். தண்டின் அடிப்பகுதியில், பட்டையை ஒட்டிய வளையத்தில் அறுத்த பலகை இரும்பாக இருக்கும், வாளையே மழுக்கும். நடுத்தண்டில் அறுத்தது சோறு போன்றது, மாவுச்சத்தும் ஈரமும் மிகுந்தது. தங்கள் ஒரு பெஞ்சில் ஓரப் பலகையும் மற்றதில் நடுப் பலகையும் போயிருக்கின்றன என்பதே என் ஊகம். பலகையின் குறுக்கு முனையைப் பாருங்கள்: கரும்பழுப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் நல்ல பலகை, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் வெளியில் போட லாயக்கற்றது. பஞ்சாகிய பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடுவதுதான் வழி. நிற்கும் பெஞ்சைப் பொறுத்தவரை, வார்னிஷ் உரியத் தொடங்கியதும் சுரண்டிவிட்டு, மர பிரைமர் ஒரு கை, எனாமல் பெயிண்ட் இரண்டு கை கொடுங்கள். நிறமி நிறைந்த பெயிண்டைப் போல வெயிலைத் தடுப்பது வேறில்லை. தென்னையின் ரேகையைக் காட்டியே தீர வேண்டும் என்றால் தவிர, அதற்குப் பெயிண்ட் அடிப்பதில் இழுக்கு எதுவும் இல்லை. இடுக்குகளை அடைக்கச் சுவர்ப் பட்டியைப் பயன்படுத்த வேண்டாம். ஈரம் பட்டதும் களியாகிவிடும்.

கேள்வி: கால்வாய்க் கரைத் தேக்கில் செய்த தோட்டத்து நாற்காலிகளுக்கு எந்தப் பூச்சும் வேண்டாம், அப்படியே விடலாம் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், ஒரத்தநாடு

பதில்: வைரம் பாய்ந்த தேக்காக இருந்தால் உண்மை. தேக்குக்குள்ளேயே எண்ணெய்ப் பசையும், கறையானும் பூஞ்சையும் விரும்பாத பொருள்களும் இருக்கின்றன. பூசாமல் விட்டால் ஓராண்டுக்குள் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அது மேற்பரப்பின் மெல்லிய மாற்றம், மரத்தின் பலம் குறையாது. எனக்கு அந்த நிறம் பிடிக்கும். கோயில் தேர்களின் பழைய சக்கரங்களை நினைவுபடுத்தும். ஆனால் இளந்தேக்கில் வெளுத்த ஓரம் மிகுதி, அதற்கு இந்தப் பெருமைகள் எதுவும் பொருந்தா. சாதாரண மரத்தைப் போலவே அதைப் பாதுகாக்க வேண்டும். பொன்னிறமே வேண்டும் என்றால் நிறமி சேர்ந்த எண்ணெயை ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியிருக்கும். பூசுவதற்கு அரைமணி நேரம் முன்பு தின்னர் நனைத்த துணியால் துடைத்து மேல்பசையை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூச்சு பிடிக்காது. சாம்பல் நிறத்திலேயே விடுவதென்றால், மழைக்காலம் முடிந்ததும் மிதமான சோப்பு நீர் விட்டுத் தேங்காய் நாரால் பாசியைக் கழுவினால் போதும். ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் மென்மையான நார் கிளம்பிவிடும்.